மூளையின் நெட்வொர்க்கைச் சரிசெய்யுமா காந்தம்?

பக்கவாதமும் டிஎம்எஸ் சிகிச்சையும்: ஓர் எளிய பாடம்

வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால், குடும்பத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றதும் நாம் முதலில் போவது கூகுளுக்குத்தான். 'பக்கவாதம் சிகிச்சை' என்று டைப் செய்து பாருங்கள். எண்ணெய், மூலிகை, பத்தியம் என்று வரும் முடிவுகளுக்கு நடுவே 'காந்த சிகிச்சை', 'டிஎம்எஸ்', 'ஆபரேஷன் இல்லாமல் கை கால் வரும்' என்ற வரிகளும் கண்ணில் படும். இது உண்மையான மருத்துவமா, வெறும் விளம்பரமா? இதற்குப் பணம் கட்டலாமா?

டிஎம்எஸ் எப்படி வேலை செய்கிறது, பக்கவாதத்துக்குப் பிறகு மூளையின் நெட்வொர்க்கில் அது எதை மாற்றுகிறது, எதை மாற்றாது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். மருத்துவமனையில் தரும் ஸ்கேன் சிடியை உங்கள் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும் வழியும் கடைசியில் இருக்கிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை

முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்வது, ஒரு கையோ காலோ திடீரென்று தளர்வது, பேச்சு குழறுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ரத்தக் குழாய் அடைப்பால் வந்த பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் இருப்பவர்கள் வேலூருக்குப் போகலாமா, சென்னைக்குப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. வேலூர் சுமார் 80 கிலோமீட்டர். சென்னை அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிடி ஸ்கேன் வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்கு முதலில் போய்ச் சேருவதுதான் முக்கியம்.

இனி நாம் பேசப்போவது இந்த அவசரக் கட்டம் முடிந்த பிறகு வரும் மாதங்களைப் பற்றி.

எந்தக் காந்தம்?

டிஎம்எஸ் என்பது டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன் என்பதன் சுருக்கம். மண்டை ஓட்டைத் திறக்காமல், வெளியிலிருந்தே காந்தத்தால் மூளையைத் தூண்டுவது என்று பொருள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1985-இல் இதைச் செய்து காட்டினார்கள். தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து மெஷினை இயக்கினால், எதிர்ப்பக்கக் கை தானாகத் துள்ளியது.

இது எப்படி நடக்கிறது? உங்கள் வீட்டு இண்டக்ஷன் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் வேகமாக மாறி மாறி ஓடும்போது, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் உண்டாகிறது. அந்தப் புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தை உண்டாக்க, பாத்திரம் சூடாகிறது. இந்த விதியை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தார். டிஎம்எஸ்ஸிலும் இதே விதிதான். பாத்திரத்தின் இடத்தில் மூளை இருக்கிறது. ஆனால் இங்கே வருவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிக்கும் ஒரு துடிப்பு. அது மூளையைச் சூடாக்குவதில்லை. நரம்பு செல்களைத் தட்டி எழுப்பும் அளவுக்குச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் உண்டாக்குகிறது.

இதில் நினைவில் வைக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. காந்தப் புலம் மாறினால்தான் மின்னோட்டம் பிறக்கும். கடையில் விற்கும் காந்த வளையல், காந்தப் படுக்கை, காந்தத் தொப்பி இவற்றில் இருப்பது மாறாத காந்தம். அவற்றுக்கும் டிஎம்எஸ்ஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மெஷினுக்குள் என்ன இருக்கிறது?

பழைய கேமராவின் ஃபிளாஷ் எப்படி வேலை செய்யும்? பேட்டரியிலிருந்து மெதுவாக மின்சாரத்தை வாங்கி ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்து வைக்கும். பட்டனை அழுத்தியதும் மொத்தத்தையும் ஒரே நொடியில் கொட்டிவிடும். டிஎம்எஸ் மெஷினிலும் பெரிய கெப்பாசிட்டர் உண்டு. அதில் சேர்ந்த மின்சாரம் ஆயிரக்கணக்கான ஆம்பியர் அளவில் கம்பிச்சுருளுக்குள் பாய்கிறது. அந்தக் கணத்தில் சுருளின் பக்கத்தில் உண்டாகும் காந்தப் புலம் சுமார் 1.5 முதல் 2 டெஸ்லா. எம்ஆர்ஐ மெஷினின் காந்தத்துக்கு ஏறக்குறைய சமம்.

சுருள் பெரும்பாலும் எட்டு என்ற எண்ணைப் போலப் பக்கம் பக்கமாக அமைந்த இரண்டு வளையங்களாக இருக்கும். இரண்டும் சேரும் நடுப்புள்ளியின் கீழே தாக்கம் அதிகம். சாதாரணச் சுருளின் தாக்கம் 2, 3 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் போகும். அதாவது மூளையின் மேலடுக்கை மட்டுமே நேரடியாகத் தொட முடியும். அப்படியானால் ஆழத்தில் இருக்கும் பாதிப்புக்கு இதனால் என்ன பயன்? அதைப் புரிந்துகொள்ள மூளையை ஒரு நெட்வொர்க்காகப் பார்க்க வேண்டும்.

மூளை ஒரு நெட்வொர்க்

ஆபீஸில் பத்துக் கம்ப்யூட்டர்களை ஒரு சுவிட்ச் வழியாக இணைத்திருப்பார்கள். ஒரு கேபிள் அறுந்தால், நல்ல நிலையில் இருக்கும் கம்ப்யூட்டர்கூடப் பிரிண்டர் கிடைக்காமல் நிற்கும். பழுது ஓரிடத்தில், வேலை நிற்பது வேறிடத்தில். மூளையிலும் இப்படித்தான். பக்கவாதத்தில் இறந்த பகுதிக்கு வெகு தூரத்தில் உள்ள நல்ல பகுதிகளும் செயல் குன்றிவிடும். கான்ஸ்டன்டின் வான் மோனகோவ் என்ற நரம்பியல் அறிஞர் 1914-லேயே இதற்கு டயாஸ்கிசிஸ் என்று பெயர் வைத்தார்.

நம் ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். ரமணாசிரமம் இருப்பது செங்கம் சாலையில். கிரிவலப் பாதையும் அந்தச் சாலை வழியாகத்தான் போகிறது. பௌர்ணமி அன்று அந்தச் சாலை நடப்பவர்களுக்குப் போய்விடும். பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். ஆட்டோக்கள் சந்துகளில் புகுந்து வழி தேடும். அடைபட்டது ஒரு சாலைதான். ஆனால் ஊரின் மறுகோடியில் உள்ள தெருவிலும் நெரிசல். பக்கவாதத்துக்குப் பிறகு மூளையும் இதே போலச் சந்து பொந்துகளில் புது வழி தேடுகிறது. இந்த வழி தேடலின் தீவிரம் முதல் மூன்று மாதங்களில் அதிகம். பிறகு மெதுவாகத் தொடரும்.

இந்த நெட்வொர்க்கைக் கண்ணால் பார்க்க வழி செய்ததில் ஓர் இந்தியப் பெயரும் உண்டு. பாரத் பிஸ்வாலும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 1995-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஸ்கேனருக்குள் ஒருவர் கையைக் காலை அசைக்காமல் சும்மா படுத்திருக்கும்போதும், மூளையின் இடது பக்கத்தில் கையை இயக்கும் பகுதியும் வலது பக்கத்தில் உள்ள அதன் ஜோடியும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதை அவர்கள் காட்டினார்கள். வேலை இல்லாதபோதும் நெட்வொர்க் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பக்கவாதத்துக்குப் பிறகு இந்த இடது வலது தாளம் கலைந்துவிடுகிறது. கலைவு அதிகமாக இருந்தால் கையின் பலவீனமும் அதிகமாக இருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன.

காந்தம் எங்கே வருகிறது?

மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டு, ஒரு தராசு போல இருக்கின்றன. இடது பாதி அடிபட்டால், அதை அடக்கும் வலது பாதிக்கு எதிர்ப்பு குறைகிறது. அது தன் பங்குக்கு மேல் அடக்கத் தொடங்குகிறது. அடிபட்ட பாதி எழுந்திருக்க முயலும்போது இது ஒரு சுமையாகிறது. இந்தக் கருத்தை வைத்துத்தான் டிஎம்எஸ் இரண்டு விதமாகப் பயன்படுகிறது.

1. மெதுவான துடிப்பு: நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில் துடிப்புகளைக் கொடுத்தால், அந்தப் பகுதியின் சுறுசுறுப்பு சற்று நேரம் குறையும். இதை நல்ல பாதியில் கொடுப்பார்கள்.

2. வேகமான துடிப்பு: நொடிக்கு 5 அல்லது அதற்கு மேல் கொடுத்தால் சுறுசுறுப்பு கூடும். இதை அடிபட்ட பாதியில் கொடுப்பார்கள். தீட்டா பர்ஸ்ட் என்ற முறையில் 600 துடிப்புகளை மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கொடுத்து முடித்துவிடலாம்.

பௌர்ணமி அன்று நாற்சந்தியில் நிற்கும் போலீஸ்காரரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் நிறுத்தி, மறு பக்கத்துக்கு வழி விடுகிறார். அவர் புதிய சாலை போடுவதில்லை. டிஎம்எஸ்ஸும் இறந்துபோன செல்களை உயிர்ப்பிப்பதில்லை.

ஜெர்மனியின் கொலோன் நகரில் கிறிஸ்டியன் கிரெஃப்கெஸ் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல பாதிக்கு மெதுவான துடிப்பு கொடுத்த பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப் பாதியிலிருந்து வந்த அதிகப்படியான அடக்குதல் குறைந்திருந்தது. அடிபட்ட பாதிக்குள் இருக்கும் பகுதிகளுக்கு இடையே இணைப்பு பலப்பட்டிருந்தது. கையின் அசைவும் மேம்பட்டது. சுருள் தொட்டது ஓரிடத்தை. மாறியது நெட்வொர்க். ஆழத்தில் உள்ள பாதிப்புக்கும் மேலடுக்கைத் தூண்டுவதால் பயன் கிடைக்கலாம் என்பது இதனால்தான்.

2016-இல் அதே குழுவினரின் இன்னோர் ஆய்வு வந்தது. பக்கவாதம் வந்து சில நாட்களே ஆன 26 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அடிபட்ட பாதியின் கை இயக்கப் பகுதியிலும், மற்றப் பிரிவுக்குச் சம்பந்தமில்லாத வேறோர் இடத்திலும் தீட்டா பர்ஸ்ட் கொடுத்தார்கள். ஐந்து நாட்கள், ஒவ்வொரு நாளும் பிசியோதெரபிக்கு முன்பாக. முதல் பிரிவினரின் கைப்பிடி வலிமை அதிகமாகத் தேறியது. இங்கே 'பிசியோதெரபிக்கு முன்பாக' என்ற சொற்களைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சோதனையில் என்ன ஆனது?

சிறிய ஆய்வுகளில் நன்றாக வருவது பெரிய ஆய்விலும் வரும் என்று நிச்சயமில்லை. அமெரிக்காவில் பல மையங்களில் 199 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2018-இல் வெளியானது. பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆனவர்கள் அவர்கள். எல்லோருக்கும் கைப்பயிற்சி உண்டு. ஒரு பிரிவுக்கு நிஜமான டிஎம்எஸ், மற்றப் பிரிவுக்கு அதே போன்ற போலிச் சுருள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. முடிவு? குறிப்பிட்ட அளவுக்குத் தேறியவர்கள் நிஜப் பிரிவில் 67 சதவீதம். போலிப் பிரிவில் 65 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். இரு பிரிவுக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி.

அப்படியானால் டிஎம்எஸ் வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஐரோப்பிய நிபுணர் குழு 2020-இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் மாதங்களில், கையின் இயக்கத்துக்காக நல்ல பாதியில் மெதுவான துடிப்பு கொடுப்பதற்கு மிக உயர்ந்த சான்றுத் தரத்தை அது கொடுத்தது. நாள்பட்ட நிலைக்கு அவ்வளவு உயர்ந்த தரம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எப்போது கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம் என்பது முக்கியமாகத் தெரிகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாதிப்பு மிகப் பெரியதாக இருந்தால், நல்ல பாதிதான் அடிபட்ட பாதியின் வேலையைக் கொஞ்சமாவது தாங்கிக்கொண்டிருக்கும். அதைப் போய் அடக்கினால் இருப்பதும் குறையலாம். ஆகவே எல்லோருக்கும் ஒரே 'செட்டிங்' கிடையாது. ஸ்கேனையும் நோயாளியையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சி இல்லாமல் பலன் இல்லை

டிஎம்எஸ் நெட்வொர்க்கை மாற்றும் நேரம் குறைவு. ஓர் அமர்வின் தாக்கம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மங்கிவிடும். அந்த நேரத்தில் கை என்ன பழகுகிறதோ அதுதான் பதியும் என்பதே இந்தச் சிகிச்சையின் அடிப்படை. பயிற்சி இல்லாத டிஎம்எஸ், சாஃப்ட்வேர் போடாத கம்ப்யூட்டர் மாதிரி.

பயிற்சிக்கு நம் பக்கத்திலேயே நீண்ட வரலாறு இருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையை வேலூரில் வளர்த்தார். அங்குள்ள பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது.

இன்னொரு வழிக்குக் காந்தமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் வலிக்காகக் கண்ணாடிப் பயிற்சியை உருவாக்கினார். அவர் பங்கேற்ற குழு அதைப் பக்கவாத நோயாளிகளிடம் சோதித்து 1999-இல் முடிவை வெளியிட்டது. நோயாளியின் முன் கண்ணாடியைக் குறுக்காக நிறுத்தி, பலவீனமான கையை அதன் பின்னால் மறைக்க வேண்டும். நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால், இரண்டு கையும் அசைவது போலத் தோன்றும். 2018-இல் 62 ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் அறிக்கை, மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் இது கை கால் இயக்கத்துக்கு உதவுகிறது என்றது. முறையை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவை கற்றுக்கொண்டு வீட்டில் தொடரலாம்.

தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஸ்கேன் சிடியை உங்கள் கம்ப்யூட்டரில் திறப்பது எப்படி?

டிஎம்எஸ் கொடுக்கும் நவீன மையங்களில், நோயாளியின் எம்ஆர்ஐ படத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணத் தலையாக மாற்றி, சுருளை எங்கே வைக்க வேண்டும் என்று திரையில் பார்த்தே வைக்கிறார்கள். அதற்குத் தேவை ஸ்கேனின் அசல் ஃபைல்கள். ஃபிலிமை மொபைலில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. அந்த ஃபைல்களுக்கு டைகாம் என்று பெயர்.

1. ஸ்கேன் மையத்தில் ஃபிலிமோடு சிடியும் கேட்டு வாங்குங்கள். புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் டிவிடி டிரைவ் இருப்பதில்லை. யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கலாம், அல்லது பென் டிரைவில் காப்பி செய்து தரச் சொல்லலாம்.

2. சிடியில் உள்ள எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு புதிய ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். ஃபைல்களின் பெயரை மாற்றாதீர்கள். சிடி கீறல் விழுந்தால் போயிற்று.

3. சில சிடிகளிலேயே படம் பார்க்கும் சாஃப்ட்வேர் இருக்கும். இல்லாவிட்டால் விண்டோஸில் மைக்ரோடைகாம் என்ற சாஃப்ட்வேரைச் சொந்த உபயோகத்துக்கு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். த்ரீடி ஸ்லைசர் என்ற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரும் உண்டு. அது பெரியது, ஓரளவு பழக வேண்டும்.

4. சாஃப்ட்வேரைத் திறந்து அந்த ஃபோல்டரை அதன் மேல் இழுத்துப் போடுங்கள். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் மூளை அடுக்கடுக்காக நகரும்.

5. படத்தில் இடம் வலம் மாறியிருக்கும். நோயாளி நம்மைப் பார்த்துப் படுத்திருப்பது போல நினைத்துக்கொள்ளுங்கள். திரையின் வலது பக்கம் தெரிவது அவருடைய இடது பாதி. அது இயக்குவது வலது கையை.

6. ஃபைல்களுக்குள் நோயாளியின் பெயரும் வயதும் இருக்கும். 'இலவசமாக ரிப்போர்ட் தருகிறோம்' என்று சொல்லும் முன்பின் தெரியாத தளங்களில் அப்லோட் செய்யாதீர்கள்.

இந்த சாஃப்ட்வேர்கள் பார்ப்பதற்கும், இன்னொரு மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டுவதற்கும்தான். நோயை முடிவு செய்வது மருத்துவரின் வேலை.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

* சிகிச்சையை முடிவு செய்பவர் நரம்பியல் அல்லது மறுவாழ்வு மருத்துவரா? ஸ்கேனைப் பார்த்தாரா?
* எந்தப் பாதியில், எந்த வேகத்தில் கொடுக்கப் போகிறீர்கள்? ஏன்?
* ஒவ்வொரு அமர்வுக்கும் பிறகு எவ்வளவு நேரம் பயிற்சி உண்டு?
* முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? முதல் நாள் அளவை எழுதித் தருவீர்களா?
* மொத்தம் எத்தனை அமர்வு, எவ்வளவு செலவு? பலன் இல்லையென்றால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள்?

தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, இதயத்துக்கு பேஸ்மேக்கர் ஆகியவை இருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொடுங்கள். அரிதாக வலிப்பு வரலாம். தலைவலி வருவது சகஜம். சுருளின் 'டக் டக்' சத்தத்துக்காகக் காதடைப்பு தருவார்கள்.

இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் டிஎம்எஸ்ஸை மனநோய்ச் சிகிச்சையிலும் ஆராய்ச்சியிலும் பயன்படுத்துகின்றன. ஆகவே இது போலி அல்ல. ஆனால் 'பத்து அமர்வில் எழுந்து நடப்பார்' என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள். பயிற்சியை நிறுத்தி, அந்தப் பணத்தை மெஷினுக்குக் கட்ட வேண்டாம். பயிற்சி ஒழுங்காக நடந்துகொண்டிருந்து, பக்கவாதம் வந்து அதிக மாதங்கள் ஆகாமல் இருந்தால், டிஎம்எஸ் பற்றி மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.